14 லோரி, 1 படிவம்: பசுமைக்குப் பணம் எங்கிருந்து வரும்?

பூலாவ்இண்டா_மகன்

எல்லாருக்கும் வணக்கம். அப்பா தொடங்கிய ஹாலேஜ் (கண்டெய்னர் ஏற்றிப்போகும்) கம்பெனியை இப்போது நானும் அக்காவும் நடத்துகிறோம். மலேசியாவின் போர்ட் கிள்ளான் பக்கம் பூலாவ் இண்டாவில் யார்ட், பினாங்கு பக்கம் பிறையில் ஒரு சின்ன டிப்போ. 14 பிரைம் மூவர் (கண்டெய்னர் இழுக்கும் பெரிய லோரி), பினாங்குத் தீவு டெலிவரிக்கு 4 சின்ன லோரி, வாடகைக் கிடங்கில் 3 டீசல் ஃபோர்க்லிஃப்ட். பெரிய லாபம் என்று எந்த வருஷமும் சொல்ல முடியாது. ஆனால் டிரைவர் சம்பளம் ஒரு மாதமும் தள்ளிப்போனதில்லை.

பாயான் லெப்பாஸில் உள்ள எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை ஒன்றுதான் எங்கள் வருமானத்தில் பெரும்பங்கு. அவர்களிடமிருந்து ஒரு படிவம் வந்திருக்கிறது. தங்கள் சரக்கை ஏற்றியதில் எவ்வளவு கார்பன் வெளியானது, அதைக் குறைக்க நாங்கள் என்ன திட்டம் வைத்திருக்கிறோம் என்று கேட்கிறார்கள். அடுத்த டெண்டரில் இதற்கும் மதிப்பெண் உண்டாம்.

எலெக்ட்ரிக் பிரைம் மூவர் விலை விசாரித்தேன். டீசல் வண்டியின் விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் சொல்கிறார்கள். ஒரு வங்கியில் பசுமைக் கடன் பற்றிக் கேட்டதற்கு, சொத்து எதையாவது அடமானம் வைக்கச் சொன்னார்கள். எங்களிடம் இருக்கும் ஒரே சொத்து அப்பா அம்மா குடியிருக்கும் வீடு. அதைத் தொட எனக்கும் அக்காவுக்கும் மனமில்லை.

முதலில் எதில் பணம் போடுவது, எந்தக் கடனை நம்பி இறங்குவது? இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

பிறை_யார்ட்

தம்பி, பிரைம் மூவரில் எலெக்ட்ரிக் பேச்சை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். போர்ட் கிள்ளானிலிருந்து பிறைக்குப் போய் வர 750 கிலோமீட்டர். கண்டெய்னரோடு ஏறும் எலெக்ட்ரிக் வண்டி வழியில் எங்கே நின்று, எவ்வளவு நேரம் சார்ஜ் ஏற்றும்? அந்த நேரத்துக்கு யார் காசு தருவார்கள்?

டீசலிலிருந்து தொடங்குங்கள். ஒரு வண்டி லிட்டருக்கு இரண்டரை கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். போய் வர 300 லிட்டர். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அப்படியென்றால் ஒரு நடைக்கு 800 கிலோவுக்கு மேல். 20 டன் ஏற்றிப்போய் வெறும் வண்டியாகத் திரும்பினால், ஒரு டன்னை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக 107 கிராம் வருகிறது. திரும்பும்போதும் 20 டன் கிடைத்தால் அது கிட்டத்தட்டப் பாதி, 54 கிராம். வெறும் வண்டி கொஞ்சம் குறைவாகக் குடிக்கும் என்பதால் இது தோராயக் கணக்குதான். ஆனாலும் எந்த இயந்திரத்தை வாங்கினாலும் ஒரே நாளில் இவ்வளவு குறைக்க முடியாது. நான் பிறையில் இன்னும் இரண்டு கம்பெனிகளோடு பேசி, திரும்பு சரக்கை மாற்றி மாற்றி எடுத்துக்கொள்கிறேன். போட்டியாளர்கள்தான், ஆனால் வெறும் வண்டி மூவருக்கும் நஷ்டம். இதற்குக் கடன் தேவைப்படவில்லை. வாட்சாப் குழு ஒன்றும், ஒருவர் வாடிக்கையாளரை இன்னொருவர் பறிக்கமாட்டோம் என்ற வாக்கும் போதுமாக இருந்தது.

அடுத்தது நின்றபடி எரியும் டீசல். துறைமுக வாசலில் டிரைவர் ஏர்கானுக்காக எஞ்சினை அணைப்பதில்லை. கனரக எஞ்சின் சும்மா ஓடினாலே மணிக்கு இரண்டரை, மூன்று லிட்டர் போகும். ஒரு நாளைக்கு 3 மணி நேரம், மாதம் 25 நாள் என்றால் ஒரு வண்டிக்கு 190 லிட்டர் பக்கம் வரும். பேட்டரியில் ஓடும் கேபின் ஏர்கான் பற்றி விசாரியுங்கள்.

ஸ்டீயரிங்_22

பிறை அண்ணன் சொன்னதில் டிரைவர் பக்கத்தையும் சேர்க்க வேண்டும். இந்த நாட்டு வெயிலில் ஏர்கான் இல்லாமல் கேபினில் உட்கார முடியாது. எஞ்சினை அணை என்று நோட்டீஸ் ஒட்டினால் மட்டும் நடக்காது.

எங்களுக்கு நடைக் கணக்கில்தான் கூலி. வேகமாகப் போனால் இன்னொரு நடை கிடைக்கும். மெதுவாகப் போனால் டீசல் மிச்சம் முதலாளிக்கு, நேரம் நஷ்டம் எனக்கு. இதை மாற்றாமல் ஜிபிஎஸ் பொருத்தி, யார் அதிகம் குடித்தார் என்று பட்டியல் போட்டால் நல்ல டிரைவர்கள் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்கள். மிச்சமாகும் டீசல் காசில் ஒரு பங்கை டிரைவருக்குக் கொடுங்கள். டயர் காற்றை நாங்களே தினமும் பார்ப்போம், கியரை ஒழுங்காகப் போடுவோம்.

இன்னொன்று. தெலுக் இந்தான், கெரிக் விபத்துகளுக்குப் பிறகு 2025 அக்டோபர் 1 முதல் கனரக வண்டிகளுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயமாகிக் கட்டம் கட்டமாக வருகிறது. எப்படியும் அதற்குச் செலவழிக்கிறீர்கள். அதே செலவில் டீசலும் குறைகிறது, உயிரும் காக்கப்படுகிறது. படிவத்தில் இதையும் எழுதுங்கள் தம்பி.

கணக்கர்_பிரிக்ஃபீல்ட்ஸ்

கையில் எண் இல்லை என்று நினைக்காதீர்கள் தம்பி. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 3.35க்கு ஏறியபோது, சரக்கு வண்டிகளுக்கு எஸ்கேடிஎஸ் 2.0 என்ற மானியத் திட்டத்தில் பழைய விலைக்கே டீசல் போட ஃப்ளீட் கார்டு கொடுத்தார்கள் அல்லவா? உங்கள் வண்டிகள் அதில் இருந்தால், எந்த வண்டி, எந்தத் தேதி, எத்தனை லிட்டர் என்பதெல்லாம் அந்த அறிக்கையில் வரிவரியாக இருக்கும். மானியத்துக்காக வைத்த கணக்குதான் உங்கள் கார்பன் கணக்கு. லிட்டரை 2.68ஆல் பெருக்கினால் வண்டிகளின் நேரடி வெளியீடு வந்துவிடும். டீசலில் பாமாயில் கலப்பு இருப்பதால் நுணுக்கமாகப் பார்த்தால் கொஞ்சம் மாறும். முதல் வருஷத்துக்கு இது போதும், எந்தக் காரணியைப் பயன்படுத்தினீர்கள் என்று எழுதிவிடுங்கள். டிஎன்பி மின்கட்டண பில்களை எடுத்துத் தனியாக ஒரு பக்கத்தில் போடுங்கள். ஃபோர்க்லிஃப்ட் டீசல் கார்டில் வராது, அதன் ரசீதுகளைத் தனியே சேர்க்க வேண்டும்.

அந்தத் தொழிற்சாலை ஏன் கேட்கிறது என்பதும் தெரிந்திருக்கட்டும். 2024 செப்டம்பரில் நிலைத்தன்மை அறிக்கைக்கான தேசியக் கட்டமைப்பு வந்தது. பங்குச் சந்தையான புர்சாவின் பெரிய கம்பெனிகள் 2025 கணக்கிலிருந்து, மற்றவை படிப்படியாக அதன்படி அறிக்கை தரவேண்டும். வெளிநாட்டுக் கம்பெனியாக இருந்தால் தலைமையகத்திலிருந்தே கேள்வி வரும். உங்களுடைய நேரடி வெளியீடு அவர்கள் கணக்கில் மறைமுக வெளியீடு. உங்கள் எண் இல்லாமல் அவர்களால் பக்கத்தை நிரப்ப முடியாது. இந்தப் பேரத்தில் நீங்கள் வெறுங்கையோடு இல்லை.

சிறு கம்பெனிகளுக்கென்று கேப்பிட்டல் மார்க்கெட்ஸ் மலேசியா 2023 அக்டோபரில் ஓர் எளிய வழிகாட்டி வெளியிட்டது, எஸ்இடிஜி என்பார்கள். அடிப்படை, இடைநிலை, உயர்நிலை என்று மூன்று படி. அடிப்படைப் படியை மட்டும் நிரப்புங்கள். சரக்குப் போக்குவரத்துக்கென்று 2023இல் ஐஎஸ்ஓ 14083 என்ற தரமும் வந்திருக்கிறது. அதன்படி வெறுமனே திரும்பும் நடையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் தாளில் அதை மறைக்காதீர்கள். ஒரு முறை கண்டுபிடித்தால் மற்ற எண்களையும் நம்பமாட்டார்கள்.

பழைய_கடன்_அதிகாரி

வங்கியில் சிறு தொழில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். கடன் பக்கத்தை நான் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முதலில், நீங்கள் இப்போது லோரிக்குக் கட்டும் தவணையையே எடுத்துப் பாருங்கள். 2 லட்சம் வெள்ளி, 5 வருஷம், ஃபிளாட் (முழு முதலுக்கும் கடைசிவரை ஒரே வட்டி) 4 விழுக்காடு. மாதம் 4,000 கட்டுவீர்கள், மொத்த வட்டி 40,000. முதல் குறையக் குறைய வட்டியும் குறையும் முறையில் கணக்கிட்டால் அதன் உண்மை வட்டி ஏறக்குறைய 7.4 விழுக்காடு. ஃபிளாட் 4 என்ற சொல்லைக் கேட்டு மலிவு என்று எண்ணிவிடுகிறோம்.

மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022இல் குறைந்த கார்பன் மாற்றத்துக்கென்று ஒரு நிதி தொடங்கியது, எல்சிடிஎஃப். பேங்க் நெகாரா பாதி, கடன் தரும் வங்கி பாதி. தொடங்கியபோது விதித்த வரம்பு: உத்தரவாதக் கட்டணம் உட்பட வட்டி 5 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது, ஒரு நிறுவனத்துக்கு 1 கோடி வெள்ளி வரை, 10 வருஷம் வரை. 5 விழுக்காடும் குறையும் முறையில்தான். அதே 2 லட்சத்துக்கு மாதம் 3,774 ஆகிறது. மொத்த வட்டி 26,500க்குள். வித்தியாசம் 13,500 வெள்ளி. முக்கியமான விஷயம், இது இயந்திரம் வாங்க மட்டும் கொடுப்பதில்லை. மாற்றத்துக்குத் தேவையான நடப்பு மூலதனத்துக்கும் கேட்கலாம். சேவைத்துறையில் ஆண்டு விற்பனை 2 கோடி வெள்ளிக்குள் அல்லது முழுநேர ஊழியர் 75 பேருக்குள் இருந்தால் சிறு, நடுத்தர நிறுவனம்தான். நீங்கள் அதில் வருவீர்கள். விண்ணப்பிக்கும் நாளில் நிதி மீதம் இருக்கிறதா என்று வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள், இவை தீர்ந்து தீர்ந்து நிரப்பப்படுபவை.

2010 முதல் ஜிடிஎஃப்எஸ் என்ற பசுமைத் தொழில்நுட்பக் கடன் திட்டமும் இருக்கிறது. அதில் அரசு கடனில் ஒரு பங்குக்கு உத்தரவாதம் தருகிறது, வட்டியிலும் சலுகை உண்டு. ஆனால் முதலில் பசுமைத் தொழில்நுட்பக் கழகத்தின் சான்று வேண்டும். 14 டயர் செட்டுக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் அந்தக் காகித வேலை தாங்காது. கிடங்குக் கூரை முழுக்க சோலார் என்பது போன்ற வேலைக்குப் பொருந்தும்.

அடமானம் பற்றி: அப்பாவின் வீட்டைக் கொடுக்காதீர்கள். சிஜிசி, எஸ்ஜேபிபி இரண்டும் அடமானம் போதாத தொழில்களுக்கு வங்கியிடம் ஜாமீன் நிற்கவே ஏற்பட்டவை. வங்கி அதிகாரி தானாகச் சொல்லாவிட்டால், நீங்களே பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கட்டணம் இருக்கிறது, ஆனால் வீட்டை இழக்கும் பயம் இல்லை. இயக்குநர்களின் தனிப்பட்ட ஜாமீன் கேட்பார்கள், அதற்குத் தயாராக இருங்கள்.

நம்மவர்களுக்கென்று, அதாவது இந்தியத் தொழில்முனைவோருக்கென்று, தெக்குனில் ஸ்பூமி, பேங்க் ராக்யாத்தில் பிரீஃப்-ஐ என்ற கடன்கள் இருக்கின்றன. அவை பசுமைக் கடன் அல்ல. சின்னத் தொகைக்கு, உதாரணமாக கேபின் ஏர்கான் பொருத்த, டயர் மாற்ற, அவற்றையும் விசாரிக்கலாம்.

கடைசியாக, வங்கி உங்களை எப்படிப் பார்க்கிறது. பேங்க் நெகாரா 2021 ஏப்ரலில் கொண்டுவந்த வகைப்பாட்டின்படி ஒவ்வொரு கடனையும் சி1 முதல் சி5 வரை ஒரு தட்டில் போடவேண்டும். டீசல் லோரி கம்பெனி மேல்தட்டுக்குப் போகாது. ஆனால் கணக்கு வைத்து, குறைக்கும் திட்டத்தை எழுத்தில் காட்டினால் மாற்றத்தில் இருப்பவர் என்ற நடுத்தட்டுக்கு வரலாம். ஒன்றும் காட்டாதவர் கண்காணிப்புத் தட்டு. பிரிக்ஃபீல்ட்ஸ் அம்மா சொன்ன டீசல் தாளை வாடிக்கையாளருக்கு மட்டும் கொடுக்காதீர்கள், கடன் விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலும் வையுங்கள்.

ரேட்_கேளுங்கள்

எல்லாரும் கடனைப் பற்றியே பேசுகிறீர்கள். கேட்பது அவர்கள், செலவு நம்முடையதா? பெரிய தொழிற்சாலை ஒரு படிவம் அனுப்புகிறது, சின்னக் கம்பெனி கடன் வாங்கி அதை நிறைவேற்ற வேண்டும். அதன் பிறகும் டெண்டரில் ரேட்டைக் குறை என்பார்கள். பில் அனுப்பினால் 60 நாள், 90 நாள். டீசலுக்கோ அன்றைக்கே பணம். ஹாலேஜ் கம்பெனியின் பணம் வாடிக்கையாளர் கையில்தான் தூங்குகிறது. 90 நாளை 30 ஆக்கினால் போதும், பாதிப் பேருக்குப் பசுமைக் கடனே தேவைப்படாது.

பூலாவ்இண்டா_மகன்

ரேட் அண்ணே, இதுதான் எங்கள் வீட்டிலும் பேச்சு. எங்களுக்கு 75 நாள். ஆனால் கேட்டால் வேறு ஆளைப் பார்ப்பார்கள் என்று அக்கா பயப்படுகிறார்.

பழைய_கடன்_அதிகாரி

ரேட் சொல்வது நியாயம்தான், ஆனால் வெறும் கையோடு போய்க் கேட்டால் கிடைக்காது. அவர்களுக்கு அந்த எண் தேவைப்படும்போது கேட்டால் கிடைக்கலாம். மாதாமாதம் உங்கள் சரக்குக்குக் கார்பன் தாள் தருகிறோம், பதிலுக்கு 30 நாளில் பணம், அல்லது ஒரு வருஷத்துக்குப் பதிலாக மூன்று வருஷ ஒப்பந்தம் என்று கேளுங்கள். மூன்று வருஷ ஒப்பந்தம் ஒன்று கையில் இருந்தால், ஐந்து வருஷக் கடனை அங்கீகரிக்க வங்கிக்குத் தைரியம் வரும். ஒரு வருஷ டெண்டரை நம்பி யாரும் ஐந்து வருஷக் கடன் தரமாட்டார்கள், நானே தந்ததில்லை.

பில்லை வைத்து முன்பணம் வாங்கும் வழியும் உண்டு. அவசரத்துக்குச் சரி, அதைப் பழக்கமாக்கினால் உங்கள் மெல்லிய லாபத்தை அது தின்றுவிடும்.

ஜூரு_கூரை

கிடங்கு, ஃபோர்க்லிஃப்ட் பக்கம் யாரும் பேசவில்லை. நான் சோலார் பொருத்தும் வேலையில் இருக்கிறேன்.

கிடங்கு வாடகைக்கு என்றால் கூரை உங்களுடையது இல்லை. வாடகை ஒப்பந்தம் 3 வருஷம், சோலார் காசு திரும்ப அதைவிட நாளாகும். கிடங்கு உரிமையாளர் கையெழுத்தில்லாமல் இறங்காதீர்கள். உரிமையாளரே பொருத்தி உங்களுக்கு மின்சாரம் விற்பது, அல்லது மூன்றாவது கம்பெனி தன் செலவில் பொருத்தி யூனிட்டுக்குக் காசு வாங்குவது என்று வழிகள் உண்டு. கூரை சோலாரில் மிஞ்சும் மின்சாரத்தைக் கொடுத்து பில்லில் கழிக்கும் பழைய நெம் 3.0 திட்டம் 2025 ஜூன் 30இல் முடிந்துவிட்டது. அந்தக் கணக்கை வைத்து விற்க வருபவரை நம்பவேண்டாம். 2026 முதல் அதற்குப் பதில் சோலார் ஏடாப் திட்டம் வந்திருக்கிறது, விதிகள் வேறு. பகலில் நீங்களே பயன்படுத்தும் மின்சாரத்துக்கு மட்டும் அளவெடுங்கள்.

ஃபோர்க்லிஃப்டை முதலில் மாற்றலாம். வண்டி கிடங்கை விட்டு வெளியே போவதில்லை, டிரைவரின் ஓய்வு நேரத்தில் சார்ஜ் ஏறும், கிடங்குக்குள் புகையும் இல்லை. மாத வாடகைக்கே எலெக்ட்ரிக் ஃபோர்க்லிஃப்ட் கிடைக்கிறது, கடன் வேண்டாம்.

தீவில் ஓடும் 4 சின்ன லோரிகளையும் பாருங்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கும் விமான நிலையத்துக்கும் இடையில் ஓடுவது சில கிலோமீட்டர்தான். ராத்திரி டிப்போவுக்குத் திரும்பிவிடும். எலெக்ட்ரிக் வேன் பொருந்தும் இடம் அதுதான்.

கணக்கர்_பிரிக்ஃபீல்ட்ஸ்

வரிச் சலுகை என்று யாராவது ஆசை காட்டினால் ஒன்று சொல்கிறேன். பசுமை முதலீட்டுக்கான வரிக்கழிவு, ஜிஐடிஏ, லாபத்திலிருந்துதான் கழியும். லாபம் மெல்லியதாக இருக்கும் கம்பெனிக்கு அந்தச் சலுகை காகிதத்தில் நிற்கும், கைக்குப் பணமாக வராது. வண்டிகளுக்கான மூலதனக் கழிவே பல வருஷமாகத் தீராமல் குவிந்திருக்கும் கம்பெனிகளை நான் பார்க்கிறேன். அதனால் சலுகையைச் சேர்த்துக் காட்டி, இத்தனை வருஷத்தில் காசு திரும்பும் என்று விற்பனையாளர் தரும் அட்டவணையில், அந்த வரியை அடித்துவிட்டுக் கூட்டிப் பாருங்கள்.

டீசல் மிச்சத்தையும் இரண்டு விலையில் போடுங்கள். மாதம் 2,400 லிட்டர் குடிக்கும் வண்டியில் 5 விழுக்காடு என்றால் 120 லிட்டர். 2024இல் இருந்த கார்டு விலை 2.15இல் 258 வெள்ளி, மானியமில்லாத விலை 3.35இல் 402. மானியம் இருக்கும்வரை சேமிப்பின் மதிப்பு குறைவாகத் தெரியும், அதனால்தான் பல முதலாளிகள் இதில் இறங்குவதில்லை. மானியம் என்றைக்கும் இருக்கும் என்று நம்பி 10 வருஷத் திட்டம் போடக்கூடாது. 258 வெள்ளியிலேயே தவணை கட்ட முடிந்தால் இறங்குங்கள். 402 இருந்தால்தான் முடியும் என்றால் பொறுங்கள்.

பிறை_யார்ட்

அம்மா சொன்ன இந்தக் கணக்கை நான் அப்படியே என் யார்டில் ஒட்டப்போகிறேன்.

தம்பி, பழைய ரீகண்டிஷன் (ஓடியதைச் சீர்செய்து விற்கும்) வண்டி எத்தனை வைத்திருக்கிறீர்கள்? அவைதான் அதிகம் குடிப்பவை. எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். கார்டு அறிக்கையில் லிட்டருக்கு மிகக் குறைவாக ஓடும் இரண்டு வண்டியைக் கண்டுபிடித்து அவற்றை மட்டும் விற்றுவிட்டு, புது டீசல் வண்டி எடுங்கள். யாரும் அதற்குப் பசுமை என்று பெயர் வைக்கமாட்டார்கள், ஆனால் டீசல் கணக்கில் தெரியும்.

பூலாவ்இண்டா_மகன்

நேற்று அக்காவோடு உட்கார்ந்து ஃப்ளீட் கார்டு அறிக்கைகளை எக்செல்லில் போட்டோம். பிறை அண்ணன் சொன்னபடியே, மூன்று வண்டிகள் மற்றவற்றைவிட மோசம். அதில் ஒன்றுக்கு டயரும் அலைன்மென்ட்டும்தான் காரணம் என்று மெக்கானிக் சொல்கிறார். மற்ற இரண்டும் பழைய ரீகண்டிஷன் வண்டி.

எங்கள் முடிவு இப்போதைக்கு இப்படி: கார்பன் தாளோடு தொழிற்சாலைக்குப் போய் 30 நாள், மூன்று வருஷம் கேட்பது. ஃபோர்க்லிஃப்டை வாடகை எலெக்ட்ரிக்காக மாற்றுவது. கேபின் ஏர்கானுக்கும் இரண்டு புது வண்டிக்கும் சிஜிசி ஜாமீனோடு கடன் கேட்பது. மிச்ச டீசலில் டிரைவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு. தீவு வேனை ஒப்பந்தம் கைக்கு வந்த பிறகு பார்ப்போம். அப்பாவிடம் வீட்டுப் பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டோம்.

ஸ்டீயரிங்_22

மூன்றில் ஒரு பங்கு நியாயமான தொகை. எப்படிக் கணக்கிடுகிறீர்கள் என்று டிரைவர்களிடம் முதல் மாதமே தாளில் காட்டுங்கள். மலை ஏறும் ரூட்டையும் சமவெளி ரூட்டையும் ஒன்றாக வைத்து ஒப்பிடாதீர்கள். ஈப்போ பக்கம் ஏற்றம் ஏறுபவனுக்கு லிட்டர் அதிகம்தான் போகும், அது அவன் தப்பில்லை.

பழைய_கடன்_அதிகாரி

கடன் மனுவைப் பொறுத்தவரை ஒரு திருத்தம் சொல்கிறேன். இரண்டு புது டீசல் வண்டியை எல்சிடிஎஃப்பில் சேர்க்க முடியுமா என்பது ஒவ்வொரு வங்கியின் பார்வையைப் பொறுத்தது. ஏர்கான், டயர், ஜிபிஎஸ், டிரைவர் பயிற்சி ஆகியவற்றை ஒரு மனுவாகவும் வண்டிகளைத் தனி மனுவாகவும் கொடுங்கள். ஒன்று நிராகரிக்கப்பட்டால் மற்றது நிற்காமல் இருக்கும். தொழிற்சாலை பதில் வந்ததும் இங்கே எழுதுங்கள், கடிதத்தின் வாசகத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.